உயிருக்கு ஆபத்தா என்று கேட்டவள்

யுத்தம் நடந்த வருஷங்களில் நான் சேலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். அந்த வேலையில் இருந்த ஆண்கள் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். பள்ளி இறுதி வகுப்பு தேறிய பெண்களைப் பொறுக்கி, சென்னையில் பயிற்சி கொடுத்து, அவர்கள் இடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. சூரமங்கலம் குடியிருப்பிலிருந்து காலையில் ஜட்கா வண்டி பிடித்து டவுனுக்கு வந்துவிடுவேன். பயிற்சியில் எனக்கு நல்ல பெயர். குரல் உயராது, கை தடுமாறாது, எதையும் வரிசைப்படுத்திக் கொள்வாள் என்று என்னைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார்கள். மூன்றுமே உண்மைதான். மூன்றாவது குணத்தால் வந்த வினையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் இருப்பதுபோல் எண்ணைச் சுழற்றும் டெலிபோன் எங்கள் பக்கத்தில் கிடையாது. வீட்டிலோ கடையிலோ இருப்பவர் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் போர்டில் அவருடைய எண்ணுக்கு மேலே ஒரு சின்னத் தகடு விழும். கம்பிக் கயிற்றை அந்தத் துளையில் செருகி என்ன எண் வேண்டும் என்று கேட்போம். அவர் சொல்லும் எண்ணின் துளையில் கயிற்றின் மறுமுனையைச் செருகுவோம். டெலிபோன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று எண்கள் இருந்தன. ஒன்று தீயணைப்பு வண்டிக்கு, இரண்டு போலீசுக்கு, மூன்று ஆசுபத்திரிக்கு. இவற்றில் எதைக் கேட்டாலும் கையிலிருக்கும் மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் அதைக் கொடுக்க வேண்டும். வெளியூர்க் கம்பியில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் இடையில் புகுந்து, மன்னிக்கவும், அவசரம் என்று சொல்லி அந்தப் பேச்சை நிறுத்த எங்களுக்கு அதிகாரம் இருந்தது. இந்த அழைப்புகளுக்குக் கட்டணமும் இல்லை.

உடனே கிடைக்கும், காசும் வேண்டாம் என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? கல்யாண வீட்டில் கிணறு வற்றிவிட்டது, தீயணைப்பு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற முடியுமா என்று ஒருவர் கேட்டார். கடிகாரம் நின்ற போதெல்லாம் போலீசைக் கூப்பிட்டு மணி கேட்கும் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். வீட்டில் பெரியவர்கள் தூங்கும் மத்தியான வேளையில் பிள்ளைகள் ஒன்றாம் எண்ணைக் கேட்டு, தீ, தீ என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வைத்துவிடுவார்கள். இவற்றையெல்லாம் நான் வகை பிரித்து மனத்தில் வைத்திருந்தேன். விளையாட்டு, சோம்பல், கஞ்சத்தனம், வியாபாரம் என்று நான்கு வகை. முதல் மூன்றையும் பொறுத்துக்கொள்ளலாம். நான்காவதுதான் தொல்லை.

காரணம், வெளியூர்க் கம்பிகள் மிகக் குறைவு. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரே ஒரு கம்பி. பரமத்தி வேலூருக்கும் ஒன்று; அந்த ஊரை நாங்கள் வேலூர் என்றே சொல்வோம். வேலூரிலிருந்து பக்கத்திலிருக்கும் நாமக்கல்லுக்குப் பேச வேண்டுமென்றாலும் பேச்சு சேலம் வரை வந்து, எங்கள் போர்டில் திரும்பி, நாமக்கல் கம்பி வழியாகப் போக வேண்டும். அந்தக் கம்பி காலியாக இருக்க வேண்டும். சர்க்கார் அழைப்புகள் முதலில், பாங்கிக்காரர்கள் பிறகு, மற்றவர்கள் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருக்க வேண்டும்.

நாமக்கல்லில் ஒரு வெற்றிலைத் தரகர் இருந்தார். வேலூர்க் கொடிக்கால்களில் பறித்த வெற்றிலையைச் சேலம் மண்டிக்கு அனுப்புகிறவர். வெற்றிலை அரை நாள் காத்திருக்காது. சேலத்தில் அந்த மூன்றாம் எண் ஆசுபத்திரி மண்டிக்கு நேர் எதிரே இருந்ததை அவர் கவனித்திருக்கிறார். மூன்றாம் எண்ணைக் கேட்பார். உயிர் போகிற விஷயம் என்பார். நாங்கள் கம்பியைக் காலி செய்து கொடுப்போம். ஆசுபத்திரியில் கம்பவுண்டர் எடுத்ததும், எதிர்க்கடை ஆளைக் கொஞ்சம் கூப்பிடச் சொல்வார். கம்பவுண்டரும் தெருவைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டு வருவார். அவருக்கு வீட்டுக்கு வெற்றிலை கிடைத்துக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். இவரைப் பார்த்து மற்ற வியாபாரிகளும் கற்றுக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த ஆபரேட்டரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தினமும் வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது அவர் சாவகாசமாகக் கேட்பார்: "இன்னிக்கு எத்தனை உயிருடி போச்சு?"

ஒரு முறை நான் தரகரிடமே கேட்டுவிட்டேன், யாருக்கு ஐயா உயிர் போகிறது என்று. அவர் கூச்சப்படவில்லை. "வெத்தலைக்குத்தானுங்க அம்மிணி. வெயில்ல நின்னா அதுவும் சாகுமுங்களே" என்றார். அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கடைசியில் ஆசுபத்திரி டாக்டரே புகார் எழுதினார். எங்கள் மேற்பார்வையாளர் எல்லோரையும் நிற்க வைத்து இதற்கு என்ன வழி என்று கேட்டார். நான் ஒரு யோசனை சொன்னேன். அவசரம் என்று கேட்கிறவர்களிடம் இணைப்பைக் கொடுப்பதற்கு முன் வரிசையாகச் சில கேள்விகள் கேட்கலாம். பொய் சொல்கிறவன் தடுமாறுவான். அன்று மத்தியானமே கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். எங்கிருந்து பேசுகிறீர்கள்? யாருக்கு உடம்பு சரியில்லை, அவர் உங்களுக்கு என்ன உறவு? என்ன நோய் அல்லது என்ன விபத்து? கடைசியாக, உயிருக்கு ஆபத்தா, ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லவும். ஆமாம் என்றால் உடனே கம்பி. இல்லை என்றால் மற்றவர்களோடு வரிசையில்.

கடைசிக் கேள்வியைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. காய்ச்சல், பிரசவம், பல்வலி எல்லாவற்றுக்கும் ஜனங்கள் ஆசுபத்திரியைத்தான் கேட்கிறார்கள், இவற்றில் எது நிஜமான அவசரம் என்று ஆபரேட்டர் தீர்மானிக்க முடியாது, கூப்பிடுகிறவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் பொறுப்பு அவருடையது என்று விளக்கினேன். மேற்பார்வையாளர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அதை அட்டையில் ஒட்டி ஒவ்வொரு போர்டுக்கு மேலும் மாட்டச் சொன்னார்.

முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதும் தரகர் விழித்தார். மச்சான் என்றார். என்ன நோய் என்றதும் பின்னால் யாரிடமோ, "ஏப்பா, என்னன்னு சொல்லலாம்?" என்று கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. அவரை வரிசையில் போட்டேன். பொய் அழைப்புகள் குறைந்தன. மேற்பார்வையாளர் மாத அறிக்கையில் அதை எழுதினார். ஆனால் கேள்விகள் நான்குதான். எத்தனை நாளைக்குத் தெரியாமல் இருக்கும்? வியாபாரிகள் பதில்களைத் தயார் செய்துகொண்டார்கள்.

சித்திரை வெயில் காலத்தில் ஒரு நாள் முற்பகல். வேலூர்த் தகடு விழுந்தது. வேலூரில் பொது டெலிபோன் தபாலாபீசில் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் முதலில் பேசி, நாமக்கல்லில் இருந்த பிரசவ ஆசுபத்திரி டாக்டரம்மாளிடம் ஒருவர் பேச வேண்டுமாம், அவசரமாம் என்று சொல்லி, வந்தவர் கையில் ரிசீவரைக் கொடுத்தார். அவர் எடுத்த எடுப்பில், "ஏனுங்க அம்மிணி, சௌக்கியமுங்களா?" என்றார்.

ஆபரேட்டரிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. வயதான குரல். அவசரமே இல்லாத குரல். சௌக்கியம் என்று சொல்லிவிட்டு என் கேள்விகளைத் தொடங்கினேன். அவருக்கு ஆற்றோரத்தில் கொஞ்சம் கொடிக்கால். உடம்பு சரியில்லாதது அவருடைய மகளுக்கு. பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். அட்டையைப் பார்த்துக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"உயிருக்கு ஆபத்தா? ஆமாம், இல்லை என்று சொல்லுங்கள்."



"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி. சித்த நேரமாயிட்டிருக்குதுங்க, அவ்வளவுதான். டாக்டரம்மா ஒருக்கா வந்து பாத்தாத் தேவலைங்க."

அழைப்புச் சீட்டில் 'சாதாரணம்' என்று எழுதினேன். நாமக்கல் கம்பியில் அரிசிக் கட்டுப்பாட்டு அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பாங்கி. அதற்குப் பின்னால் இவர். முறை வந்ததும் கூப்பிடுகிறேன், அங்கேயே இருங்கள் என்றேன். இருக்கிறேன், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று எனக்குச் சமாதானம் சொல்வதுபோல் சொன்னார்.

அதிகாரி நிதானமாகப் பேசினார். பாங்கிக்காரருக்கு எதிர்முனையில் ஆள் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டு வந்தார்கள். இடையில் வேலூரிலிருந்து ஒரு முறை தகடு விழுந்தது. "நம்மளுது வந்துருங்களா அம்மிணி?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். வந்துவிடும் என்றேன். சரிங்க என்றார். தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டார்.

பாங்கி முடிந்து, வேலூரைக் கூப்பிட நான் கயிற்றைக் கையில் எடுத்தபோது நாமக்கல்லிலிருந்து அவசர அழைப்பு வந்தது. தரகர். எங்கிருந்து என்று கேட்டேன், சொன்னார். யாருக்கு என்றேன். மைத்துனர், நெஞ்சு வலி. பிறகு கேட்பதற்கு முன்பே அவராக, உயிருக்கு ஆபத்துங்க அம்மிணி, ஆமாங்க, ஆபத்துதானுங்க என்றார். நான்கு கேள்விக்கும் சரியான பதில். பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அட்டையில் இருந்தபடி அவர் தேறிவிட்டார், வேலூர்ப் பெரியவர் தேறவில்லை. கம்பியைத் தரகருக்குக் கொடுத்தேன். ஆசுபத்திரியிலிருந்து யாரோ தெருவைத் தாண்டிப் போவதும் மண்டி ஆள் மூச்சிரைக்க வந்து ரிசீவரை எடுப்பதும் காதில் விழுந்தன. நேற்றுப் போன விலையையும் இன்று போகும் விலையையும் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவசரம் என்று கொடுத்த இணைப்பை மேற்பார்வையாளர் சொல்லாமல் நாங்களாக அறுக்கக் கூடாது. அவர் அந்த நேரம் இடத்தில் இல்லை.

இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்று பெரியவரிடம் சொல்வதற்காக வேலூரைக் கூப்பிட்டேன். போஸ்ட்மாஸ்டர்தான் எடுத்தார்.

"அவர் போயிட்டாருங்களே. பஸ் வந்துருச்சு, நாமக்கல்லுக்கே கொண்டு போயிரலாம்னு புள்ளையக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிட்டாங்க."

கட்டிலோடா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து வலி. மருத்துவச்சி காலையில் கையை விரித்துவிட்டாள். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, நினைவு வந்து வந்து போகிறது. ஆற்றோரத்துத் தெருவே தபாலாபீஸ் வாசலில் நின்றிருக்கிறது.

"இதை ஏன் நீங்கள் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க அவரைக் கேட்டீங்க, அவரு பதில் சொன்னாருங்க. பெத்தவரு அப்படியெல்லாம் இல்லீங்கன்னு சொல்றப்ப, நான் ஊடால பூந்து ஆமாங்க, சாகப்போகுதுன்னு சொல்றதுங்களா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இது எனக்குத் தெரியாதா என்ற ஆச்சரியத்தோடு சொன்னார்.

எனக்குத் தெரியும். அதுதான் இன்றுவரை என்னால் தாண்ட முடியாதது. பெற்ற மகள் கட்டிலில் கிடக்கும்போது அவள் உயிருக்கு ஆபத்து என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அந்தச் சொல்லே போய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். என் தங்கைக்கு விஷக் காய்ச்சல் வந்து டாக்டர் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டுப் போன நாளில், பக்கத்து வீட்டு மாமி என்னைக் கேட்டார், எப்படி இருக்கிறாள் என்று. இப்போது தேவலை மாமி என்றுதான் சொன்னேன். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். அந்த மாமி எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அன்று முழுவதும் எங்கள் வீட்டிலேயே இருந்தார். டெலிபோனில் முகம் தெரியாது. இதையெல்லாம் அறிந்த நான், ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் சென்னைப் பயிற்சி வகுப்பு மாணவியாகி, ஆமாமா இல்லையா என்று கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் ஆமாம் என்று கூசாமல் சொல்லக்கூடியவன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் மட்டும்தான்.

தரகரின் பேச்சை நடுவில் அறுத்தேன். நாமக்கல் பிரசவ ஆசுபத்திரியைக் கூப்பிட்டேன். வேலூர் பஸ்ஸில் ஒரு பெண் வந்துகொண்டிருக்கிறாள், டாக்டரம்மாள் காரை எடுத்துக்கொண்டு எதிரே போக முடியுமா என்று கேட்டேன். பெட்ரோல் அளந்து கொடுத்த காலம். எடுத்த நர்ஸ் தயங்கினாள். உயிருக்கு ஆபத்தாக இருந்தால்தான் காரை எடுக்க முடியும், அப்படியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உடனே நாமக்கல்லிலிருந்து தரகர். பேச்சு முடியவில்லையே என்றார். "ஏனுங்க அம்மிணி, கேட்டதுக்கெல்லாம் சரியாத்தானுங்களே சொன்னேன்?" என்றார் அவர். நியாயமான கேள்வி. சரியாகத்தான் சொன்னார்.

அந்த நாட்களில் பஸ்களெல்லாம் பின்னால் கரி அடுப்பு மாட்டி, அதன் வாயுவில் ஓடின. அந்த பஸ்ஸும் வழியில் நின்றுபோய், அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்களாம். டாக்டரம்மாளின் கார் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சாயங்காலம் நான் வேலை முடிந்து கிளம்பும் சமயத்தில் வேலூர் போஸ்ட்மாஸ்டர், ஆபீஸ் விஷயமாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, தாய் பிழைத்துக்கொண்டாள் என்று சொன்னார். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். ஆண் குழந்தை என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று ரிசீவரை வைத்துவிட்டார். கார் இன்னும் கொஞ்சம் முன்னால் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாளைக் கேட்டுவிட வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். அவர் எண் எனக்கு மனப்பாடம். கேட்கவில்லை. அவர் என்ன பதில் சொன்னாலும் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய், கடைசிக் கேள்வியை எடுத்துவிட வேண்டும் என்றேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இணைப்பை அறுத்ததற்கு என்னைக் கண்டிக்கவில்லை. பிறகு மாத அறிக்கையை எடுத்து வைத்து, அவசர அழைப்புகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று காட்டினார். குறைந்திருப்பவை எல்லாம் பொய் அழைப்புகள் என்று எப்படித் தெரியும், இப்படிப்பட்டவர்களாகவும் இருக்கலாமே என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றவர்கள் யார் யார், அவர்கள் வீட்டில் அப்புறம் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. "ஒருத்தருக்கு நேர்ந்ததை வெச்சு ஒழுங்கை மாத்த முடியாதும்மா" என்றார் அவர். "நல்லா யோசிச்சு எழுதினது நீதானே." அட்டை அங்கேயே தொங்கியது. சென்னையிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து மெச்சி, வேறு ஊர்களுக்கும் அனுப்பலாம் என்று ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். யார் எழுதியது என்று கேட்டாராம். என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆசுபத்திரி என்றால் கொடுத்துவிடுவேன். அதனால் நல்லது மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. என் குரலை அடையாளம் கண்டுகொண்ட வியாபாரிகள் என் முறை வரும் நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள். இந்த அம்மிணி நல்ல அம்மிணி என்று தரகர் என்னைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். ஒவ்வொரு பொய்க்கும் கம்பியைக் கொடுக்கும்போது பின்னால் யார் காத்திருக்கிறார்களோ என்றுதான் நினைப்பு ஓடும். கொடுக்காமல் விட்டாலும் அப்படித்தான். அக்காவுக்கு என்மேல் வருத்தம். "கேள்வியை எழுதினவ நீ. நீ கேக்க மாட்டே, நாங்க மட்டும் கேக்கணுமா?" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள், வெளியே என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகக் காவல்காரர் வந்து சொன்னார். வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தோளில் துண்டு, கையில் ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டு. அவர் வாயைத் திறந்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

"அன்னிக்குப் போனுல பேசுன அம்மிணி நீங்கதானுங்களா? சௌக்கியமுங்களா?"

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மண்டிக்குச் சரக்கோடு வந்தாராம். காரை அனுப்பி வைத்தது நான்தான் என்று போஸ்ட்மாஸ்டர் சொல்லியிருக்கிறார், பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். மகள் இப்போது எழுந்து நடமாடுகிறாள், சோறு இறங்குகிறது என்றார். பேரனைப் பற்றி நான் கேட்க வாயெடுத்ததும், அது போகட்டுங்க என்று துண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அவர் நன்றி சொல்லச் சொல்ல என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று உங்களைக் காக்க வைத்தது நான்தான், அந்தக் கேள்வியை எழுதியதே நான்தான் என்று சொன்னேன். பொய் சொன்ன ஒருவருக்கு உங்கள் முறையைக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நீங்க கேட்டது ஞாயந்தானுங்க. எத்தனை பேரு கூப்புடறாங்க, யாருக்குன்னு குடுப்பீங்க? எனக்குத்தான் அதுல பேசத் தெரியலீங்க. ஊட்டுல பொம்பளைங்க அன்னிக்கே சொன்னாங்க, நீ சரியாச் சொல்லியிருந்தா காரு அப்பவே வந்திருக்கும்னு."

இல்லை, உங்கள் பேரில் தப்பில்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் வந்தது நன்றி சொல்ல மட்டுமல்ல என்று அப்புறம்தான் தெரிந்தது. கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"புள்ளைக்குச் சின்ன வயசுங்க. நாளைக்கே இன்னொண்ணு வருமுங்க. அப்ப ஒரு சமயம்னா, என்ன சொன்னா ஒடனே குடுப்பீங்க? அந்த வார்த்தையச் சொல்லிக் குடுங்க. மனப்பாடம் பண்ணிக்கிறேனுங்க."

நான் இருந்தால் கேட்காமலே கொடுப்பேன். ஆனால் எல்லா வேளையும் நான் இருக்கமாட்டேன். போர்டுக்கு மேலே அட்டை தொங்குகிறது. மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அதனால் சொல்லிக் கொடுத்தேன். நலம் விசாரிக்க வேண்டாம். எடுத்ததும் அவசரம் என்று சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தா என்று கேட்பார்கள். ஆமாம், என் மகள் உயிருக்கு ஆபத்து என்று சொல்லுங்கள். சொல்லிப் பாருங்கள் என்றேன்.

"ஆமாங்க" என்று தொடங்கினார். "எம் புள்ளை..." உதடு அசைந்தது, அடுத்த சொல் வரவில்லை. ரோட்டுப் பக்கம் பார்த்தார். நான் மறுபடியும் அடியெடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டினார், சொல்லவில்லை.

"எனக்குன்னு சொன்னாக் குடுப்பாங்களா சாமி?"

கொடுப்பார்கள் என்றேன்.

"அப்ப அப்படியே சொல்லிப்போடறேனுங்க. எனக்கு உசுரு போகுதுங்க, டாக்டரம்மா ஒடனே வரோணுமுங்க." முகம் தெளிந்துவிட்டது. இன்னொரு முறையும் தடங்கல் இல்லாமல் சொல்லிக் காட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன்.